கண்ணின் பாப்பாவும் ஒரு கொலைகார விதையும்

கண்ணுக்கு நடுவுல கருப்பா ஒரு வட்டம் இருக்கே, அதை நம்ம ஊரில் கண்மணி, பாவை, பாப்பா என்போம். ஆங்கிலத்தில் பியூப்பில். அதன் லத்தீன் மூலச்சொல்லுக்கும் சின்னப் பொம்மை என்றுதான் அர்த்தம். எதிரில் இருப்பவர் கண்ணுக்குள் உற்றுப் பாருங்க, உங்க உருவம் குட்டியா தெரியும்.

ஆனா அது ஒரு உறுப்பே இல்லை. ஐரிஸ் என்கிற திரையில் இருக்கும் வெறும் ஓட்டை. அதைச் சுற்றி வளையமா ஓடும் தசை, சுருக்குப்பை நாடா மாதிரி அதைச் சுருக்கும். சக்கரத்து ஆரக்கால் போல நீளும் இன்னொரு தசை விரிக்கும். "சுருங்கு" என்று நரம்பு சொல்வது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வழியாக. வேலை முடிந்ததும் ஒரு நொதி வந்து அதை உடைத்துவிடும். இந்த நொதியை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்போ மேற்கு ஆப்பிரிக்கா. இன்றைய நைஜீரியாவின் கலபார் பகுதியில், எஃபிக் மக்கள் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எசெரே என்ற விதையை அரைத்துக் கொடுப்பார்கள். வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி.

அந்த விதை எடின்பரோ வந்தது. 1855-ல் ராபர்ட் கிறிஸ்டிசன் என்ற பேராசிரியர் அதில் ஒரு துண்டைத் தானே தின்று பார்த்தார்! உடம்பு தளர ஆரம்பித்ததும், சவரம் செய்த தண்ணீரைக் குடித்து வாந்தி எடுத்துப் பிழைத்தார். (தயவுசெய்து இதை நீங்க செய்யாதீங்க. விஷம் சாப்பிட்டவருக்கு உப்புத்தண்ணீர், சாணிக்கரைசல் கொடுத்தால், அரை மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும்.)

அடுத்து தாமஸ் ஃப்ரேசர் என்ற இளம் மருத்துவர், இந்த விதைச் சாறு கண்மணியைச் சுருக்குவதைக் கவனித்தார். 1863-ல் கண் மருத்துவர் ஆர்கைல் ராபர்ட்சன் அதைத் தன் கண்ணிலேயே விட்டுப் பார்த்து எழுதினார். கண்மணியை விரிக்கும் அட்ரோபின் அப்போதே கையில் இருந்தது. (நம்ம ஊமத்தையிலும் அதே வகைச் சரக்குதான்.) ஒன்று விரிக்கிறது, ஒன்று சுருக்குகிறது. அப்படின்னா ஒன்றுக்கு ஒன்று முறிவா இருக்குமோ? 1864-ல் பிராக் நகரில் அட்ரோபின் குடித்துவிட்ட ஒரு கைதிக்கு கலபார் சாறு கொடுத்தார்கள், தேறினார். 1872-ல் ஃப்ரேசர் மறுபக்கத்தை விலங்குகளில் காட்டினார்: கலபார் விஷத்துக்கு அட்ரோபின் முறிவு.

அந்த விதை செய்தது என்னன்னா, மேலே சொன்ன நொதியை முடக்கியது. அசிட்டைல்கோலின் உடைபடாமல் குவியும். கண்மணி சுருங்கும், எச்சில் வழியும், நெஞ்சில் நீர் கோக்கும், மூச்சுத் தசை ஓய்ந்துபோகும்.

1936 கடைசியில் ஜெர்மனியில் பூச்சிக்கொல்லி தேடிய கெர்ஹார்ட் ஷ்ராடர் டாபுன் என்ற பொருளைத் தயாரித்தார். கொஞ்ச நாளில் அவருக்கும் உதவியாளருக்கும் கண்மணி சுருங்கி, பார்வை மங்கி, மூச்சு முட்டியது. அதே நொதி! டாபுன் போர் விஷமானது. அதன் உறவுக்கார ஆர்கனோபாஸ்பேட்கள் வயலுக்கு வந்தன.

முகமூடி இல்லாமல் மருந்து அடித்துவிட்டு மயங்கி வருபவரின் கண்ணில் நாங்கள் டார்ச் அடிப்பது இதுக்குத்தான். குண்டூசி முனை அளவு கண்மணி, வழியும் எச்சில், நெஞ்சில் களகள சத்தம் என்றால் உடனே அட்ரோபின். நெஞ்சுச் சத்தம் தெளியும்வரை திரும்பத் திரும்பப் போடுவோம். ஆனால் அபின் வகை மருந்தும், மூளைத்தண்டில் ரத்தக்கசிவும்கூட கண்மணியை இப்படிச் சுருக்கும். அதனால் நனைந்த சட்டையைக் கழற்றி, சோப்பு போட்டுக் கழுவிவிட்டு உடனே கூட்டிட்டு வாங்க. அந்த மருந்து பாட்டிலையும் தூக்கி எறியாம கையோட எடுத்துட்டு வாங்க.