ஆய்வகம் இல்லாத பள்ளிகளில் அறிவியல்: ஹோசங்காபாத் சொல்லும் பாடம்

அறிவியல் ஆய்வகம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பூட்டிக் கிடக்கும் ஓர் அறைதான். கண்ணாடிப் பொருட்கள் உடைந்துவிடும், அமிலம் கையில் பட்டுவிடும் என்ற பயத்தில் மாணவர்களை உள்ளேயே விடாத பள்ளிகள் உண்டு. அப்படிப்பட்ட ஆய்வகத்தில் விபத்து நடக்காது என்பது உண்மைதான். ஆனால் அங்கே யாரும் எதையும் கற்றுக்கொள்ளவும் முடியாது! பாதுகாப்பும் வேண்டும், மாணவர்களின் ஆர்வமும் குறையக்கூடாது என்றால் வகுப்பறையை எப்படித் தயார் செய்வது? இந்தக் கேள்விக்கு மத்தியப் பிரதேசத்தின் கிராமப் பள்ளிகள் 30 ஆண்டுகள் செயலில் விடை சொன்னன. அதுதான் ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம்.

16 பள்ளிகளில் தொடக்கம்

நர்மதை நதிக்கரையில் அமைந்த மாவட்டம் ஹோசங்காபாத். 2022 முதல் இதற்கு நர்மதாபுரம் என்று பெயர். 1972ஆம் ஆண்டு இம்மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு புதிய முயற்சி தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய இரண்டு தொண்டு நிறுவனங்கள் மாநில அரசின் அனுமதியோடு இதை நடத்தின. கிஷோர் பாரதியைத் தொடங்கிய அனில் சத்கோபால், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானியாக இருந்தவர். அந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் இந்தக் கிராமங்களுக்கு வந்து உதவினார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்டது 6, 7, 8ஆம் வகுப்புகள். அந்தப் பள்ளிகளில் ஆய்வகக் கட்டிடம் கிடையாது. ஆய்வகம் கட்டிய பிறகுதான் அறிவியல் என்று காத்திருந்தால் ஒரு தலைமுறையே படித்து முடித்துப் போயிருக்கும். எனவே வகுப்பறையையே ஆய்வகமாக மாற்றினார்கள்.

வகுப்பறை எப்படி மாறியது?

மாணவர்கள் நான்கு பேர் கொண்ட குழுக்களாகத் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு குழுவும் தானே சோதனை செய்து, கண்டதை நோட்டில் எழுதி, பிறகு மற்ற குழுக்களோடு விவாதித்தது. ஐம்பது பேர் ஒரே மேசையை மொய்க்கும்போதுதான் தள்ளுமுள்ளும் ஆபத்தும் அதிகம். நான்கு பேர் கொஞ்சம் பொருளை வைத்துக்கொண்டு செய்யும்போது, என்ன நடக்கிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆசிரியரும் குழுக்களுக்கு இடையே நடந்து கவனிக்கலாம்.

பொருட்களும் எளிமையானவையே. பள்ளிகளுக்குக் கருவிப் பெட்டி தரப்பட்டது. அதில் இல்லாதவை வயலிலிருந்தும் வீட்டிலிருந்தும் வந்தன. மண், இலை, விதை எல்லாமே பாடப்பொருள் ஆயின. 1978ல் பூனாவில் டெல்கோ நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர் அரவிந்த் குப்தா, விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கே வந்தார். மருந்தைச் சுரண்டி எடுத்த தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளையும் இணைத்து முக்கோணம், கனசதுரம் எல்லாம் செய்து காட்டினார். கீழே விழுந்தாலும் உடையாது, உடைந்தாலும் நஷ்டம் இல்லை! பின்னாளில் அவருக்கு 2018ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

"பால் வைஞானிக்" என்ற பாடநூலும் வித்தியாசமானது. அதில் சோதனைகளும் கேள்விகளும் இருந்தன, விடைகளைக் குழந்தைகள்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேர்வுக்குப் புத்தகத்தையும் நோட்டையும் எடுத்துச் செல்லலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடம் செய்து பயனில்லை என்று ஆனபிறகு சோதனை செய்வதற்குத் தானாகவே மதிப்பு வந்தது. மனதில் எழும் சந்தேகங்களை "சவாலிராம்" என்ற கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதினால் பதிலும் வந்தது.

ஆசிரியரே முதல் மாணவர்

இத்திட்டத்தின் முதுகெலும்பு ஆசிரியர் பயிற்சிதான். மாணவர் செய்யவேண்டிய சோதனைகளைக் கோடை விடுமுறைப் பயிற்சியில் ஆசிரியர்கள் முதலில் தாங்களே செய்து பார்த்தார்கள். மாதந்தோறும் கூடி, வகுப்பில் வந்த சிக்கல்களைப் பேசினார்கள். பாதுகாப்பின் ரகசியமும் இதில்தான் இருக்கிறது. தானே செய்து பார்த்த ஆசிரியருக்கு எந்த இடத்தில் கை சுடும், எது உடையும் என்பது முன்பே தெரியும். செய்து பார்க்காதவருக்கு எல்லாமே பயம்தான், அதனால்தான் பூட்டு!

இதில் ஒரு செலவுக் கணக்கும் அடங்கியிருக்கிறது. ஆய்வகம் என்பதை ஒருமுறை போடும் முதலீடாகவே பொதுவாக நினைக்கிறோம். கட்டிடம் திறந்ததோடு கணக்கு முடிந்துவிடுகிறது. ஹோசங்காபாத்தில் அது தொடர்செலவாகப் பார்க்கப்பட்டது. உடைந்ததற்கு மாற்று, தீர்ந்ததற்குப் புதியது, ஆசிரியருக்குப் பயிற்சி என்று செலவு தொடர்ந்தது.

வளர்ச்சியும் முடிவும்

1978ல் திட்டம் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982ல் இதை முன்னெடுக்க ஏகலவ்யா என்ற அமைப்பு உருவானது. காலப்போக்கில் 15 மாவட்டங்களில் சுமார் 1000 பள்ளிகள், சுமார் ஒரு லட்சம் மாணவர்கள் என்று வளர்ந்தது.

ஆனால் 2002ல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. இம்மாவட்ட மாணவர்கள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பின்தங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்திருந்தது. மனப்பாடத்தை அளக்கும் தேர்வை வைத்து இதை எடைபோடலாமா என்று கல்வியாளர்களும் விஞ்ஞானிகளும் எதிர்ப்புத் தெரிவித்தும் பலனில்லை. 30 ஆண்டு உழைப்பு ஓர் அரசாணையில் முடிந்துபோனது வேதனைக்குரியது. நடுநிலைப் பள்ளிக்கு ஒரு முறை, உயர்நிலைப் பள்ளிக்கு வேறொரு முறை என்று இருந்ததற்கு விலை கொடுத்தவர்கள் குழந்தைகள்தான்.

எனினும் அந்தச் சிந்தனை அழிந்துவிடவில்லை. மனப்பாடத்திலிருந்து கல்வியை விடுவித்து, பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு இணைக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் வலியுறுத்தியது.

ஒரு பள்ளியின் அறிவியல் வகுப்பறை தயாராக இருக்கிறதா என்று அறியக் கட்டிடத்தை அளந்து பார்க்கத் தேவையில்லை. சென்ற ஆண்டு எத்தனை சோதனைக் குழாய்கள் உடைந்தன, அவற்றுக்குப் பதில் புதியவை வந்தனவா என்று கேட்டால் போதும். ஒன்றுகூட உடையவில்லை என்று பதில் வந்தால், பெருமைப்படுவதற்கு முன் பூட்டைப் பார்ப்பது நல்லது!