முகவரியில் எழுதப்பட்ட சேரி



கடித உறையின் மேல் நாம் எழுதும் முகவரிக்கும் ஒரு வரலாறு உண்டு. பெயர், த/பெ, கதவு எண், தெரு, ஊர், அஞ்சல், வட்டம், மாவட்டம், கடைசியில் ஆறிலக்க எண். இந்தியாவில் வழக்கமான வரிசை இதுதான். கடிதத்தைக் கொண்டுசேர்க்கத் தேவையான செய்திகளோடு, தேவையில்லாத ஒரு செய்தியும் இதில் பயணம் செய்கிறது. பெறுகிறவர் ஊரில் குடியிருக்கிறாரா, சேரியில் குடியிருக்கிறாரா என்பதே அந்தச் செய்தி.

நவீன அஞ்சல் முறை, கொள்கையளவில் சாதி பார்க்கவில்லை. 1854ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் தூரத்தைக் கணக்கிடாமல் எடையை வைத்துக் கட்டணம் வாங்கியது. 1879இல் காலணா அஞ்சலட்டை வந்தது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழையும், 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் சென்னையில் தொடங்கினர். பண்டிதரின் இதழுக்குக் கோலார் தங்கவயல் வரை வாசகர்கள் இருந்தார்கள்.

ஆனால் எழுத்து போன தெருவில் எழுதியவன் போக முடியவில்லை. பொதுத் தெரு, பொது அலுவலகம், கிணறு, குளம் ஆகியவை ஒடுக்கப்பட்டோருக்கும் உரியவை என்று 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டியிருந்தது.

அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகள், பலவிதமான எழுத்துக்கூட்டல்கள் என்ற குழப்பத்தைத் தீர்க்கவே அது உருவானது. முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். தமிழ்நாடும் கேரளமும் 6இல் தொடங்கும். முதல் மூன்று இலக்கங்கள் கடிதம் பிரிக்கப்படும் மாவட்டத்தையும், கடைசி மூன்று பட்டுவாடா அஞ்சலகத்தையும் காட்டும். எண்ணின் வேலை அஞ்சலகத்தோடு முடிகிறது. அதுவரை ஊருக்கும் சேரிக்கும் ஒரே எண்தான். பிரிவினை தெரு என்ற வரியில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த வரியில் நமக்கு வாய்த்த சொல் ‘காலனி’. நகரத்தில் வங்கி ஊழியர் காலனி என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கிராமத்தில் ‘காலனி’ என்று மட்டும் எழுதினால் சாதியைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. வேலைக்கான விண்ணப்பத்திலும், வாடகை வீட்டுக்காரர் கேட்டு வாங்கும் அடையாள அட்டையிலும் அந்த ஒரு சொல் நமக்கு முன்பே போய் நிற்கிறது.

இது நம் நாட்டோடு நிற்கும் கதையல்ல. ஜப்பானில் முகவரி நேர்எதிராக, பெரிய நிலப்பகுதியில் தொடங்கி வீட்டு எண்ணில் முடியும். அங்கே ‘புராக்கு’ மக்கள் மீதான பிறவி இழிவை 1871இல் அரசாணை ஒழித்தது. மற்ற ஜப்பானியரிடமிருந்து அவர்களைப் பிரித்துக்காட்டத் தோற்றமோ மொழியோ உதவாது. காட்டிக்கொடுப்பது இடத்தின் பெயர். புராக்குக் குடியிருப்புகளைப் பட்டியலிட்ட நூல்கள் நிறுவனங்களுக்கு இரகசியமாக விற்கப்பட்டதும், வேலைக்கு வந்தவர்களின் பூர்வீகத்தை அறிய அவை வாங்கப்பட்டதும் 1975இல் அம்பலமாயின. சட்டம் ஒழித்ததை முகவரி காப்பாற்றி வைத்திருந்தது.

மகாராஷ்டிர அமைச்சரவை 2020 டிசம்பரில் சாதிப் பெயர் கொண்ட குடியிருப்புகளின் பெயரை மாற்ற முடிவெடுத்தது. அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இவற்றை வரவேற்கிறோம். ஆனால் ‘காலனி’ போய் வரும் புதிய பெயரும், பிரிந்து கிடக்கும் அதே குடியிருப்புக்கு மட்டும் வைக்கப்பட்டால், பத்து ஆண்டுகளில் அதுவும் சாதிப் பெயராகிவிடும். உத்தப்புரத்தில் தலித்துகளை அடைத்து நின்ற சுவரின் ஒரு பகுதியை 2008இல் இடிக்க வேண்டியிருந்தது. சுவர் நிற்கும்வரை பெயர்ப்பலகை மாற்றம் அரைவேலைதான்.

ஆகவே நம் கோரிக்கைகள் இரண்டு. புதிய பெயரை அங்கே வாழும் மக்களே தீர்மானிக்க வேண்டும். ஆதிக்க சாதியினரின் கை ஓங்கிய கிராமசபை அதைத் தீர்மானிக்கக் கூடாது. பெயர் மாறும்போதே பாதையும் குடிநீரும் சுடுகாடும் பொதுவாக வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலையும் இருக்கிறது. உங்கள் ஊரின் பழைய வாக்காளர் பட்டியல், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, குடும்ப அட்டை, பத்திரம் ஆகியவற்றைத் தேடுங்கள். உங்கள் தெருவை யார், எந்த ஆண்டில், என்ன பெயரில் எழுதினார்கள் என்று குறித்து வையுங்கள். பெயர்கள் மாறத் தொடங்கிவிட்ட இந்த நேரத்தில், பழைய பெயரால் நமக்கு நேர்ந்தவற்றின் சாட்சியத்தை நாம்தான் காப்பாற்றியாக வேண்டும்.