பாம்பன் பாலமும் ஒரு ஆணியும்



"நூறு வருஷம் நின்ற பாலம் இருக்கும்போது புதுப் பாலம் எதற்கு?" என்று மண்டபம் வந்துபோகும் பலர் கேட்கிறார்கள். இதற்கான பதில் நாம் வகுப்பில் செய்த ஆணிச் சோதனையிலேயே இருக்கிறது.

மூன்று சோதனைக் குழாய்கள் நினைவிருக்கிறதா? சாதாரணத் தண்ணீரில் கிடந்த ஆணி துருப்பிடித்தது. கொதிக்கவைத்து, மேலே எண்ணெய் ஊற்றிய தண்ணீரில் காற்று இல்லை. அதிலிருந்த ஆணி பிடிக்கவில்லை. ஈரமில்லாத குழாயில் இருந்ததும் பிடிக்கவில்லை. ஆக, துருவுக்கு ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தே வேண்டும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மின்சாரம் எளிதாய்ப் பாயவும் வழிசெய்யும். துருப்பிடிப்பதும் ஒரு மின்வேதி வினைதானே!

வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. நடுவில் இருக்கும் மண்டபத்தில் ஈரம், காற்று, உப்பு மூன்றுக்கும் பஞ்சமில்லை. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் (சிக்ரி), உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பதும் இதனால்தான்.

இந்தக் காற்றில்தான் 1914 பிப்ரவரி 24-இல் பழைய பாலம் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்ததை, இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சீர்செய்தார்கள். அந்தச் சாதனையை எல்லோரும் பேசுகிறோம். ஆனால் துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, சில ஆண்டுகளில் மறுபடியும் சுரண்டி அடித்த தொழிலாளர்களை யாரும் பேசுவதில்லை. புயல் ஒரு நாள் வந்து போனது. துரு தினமும் வந்தது. கடைசியில் கப்பலுக்காகத் திறக்கும் தூக்குப் பகுதி அரிப்பால் வலுவிழக்க, 2022 டிசம்பரில் ரயில் ஓட்டம் நின்றது.

2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலாக்சேன் பூச்சு, வெல்டிங் இணைப்புகள் எல்லாம் உண்டு. ஆனாலும் திறப்பதற்கு முன்பே, 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை அரிப்பைப் பற்றிக் கவலை தெரிவித்தது. எந்தப் பூச்சும் காலத்துக்கும் நிற்காது. பராமரிப்பு நின்ற அன்றைக்கே துரு வேலையைத் தொடங்கிவிடும்.

இது பாலத்துக்கு மட்டுமல்ல, உங்கள் வீட்டுக்கும்தான். கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்கள் கவனியுங்கள்:

கடல் மணலைக் கலவையில் சேர்க்காதீர்கள். சிமெண்டின் காரத்தன்மை கம்பியைக் காக்கும். உப்பு அந்தக் காப்பை உடைத்துவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். தளம் வெடித்துப் பெயர்வது அதனால்தான். கம்பிக்கு வெளியே போதிய கனத்துக்கு கான்கிரீட் மூடியிருக்க வேண்டும்.

வெளியே அடிக்கும் ஆணி, ஓடு போடும் தகடு எல்லாம் துத்தநாகம் பூசியதாக (ஜி.ஐ.) இருக்கட்டும். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். படகின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவதும் இதே தத்துவம்தான். கிரில்லுக்கு, துருவைச் சுத்தமாகச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசிய பிறகே பெயின்ட் அடியுங்கள். துருவின் மேல் அடித்த பெயின்ட், புண்ணை மூடிய துணி மாதிரி.

இந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக்குப் போய்த் தளத்தின் அடிப்பகுதியையும் ஒருமுறை பாருங்கள். பழுப்புக் கோடு தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் ஆசிரியர்