புதிய மகிழுந்தைப் பழக்குதல்: ஒரு சிறு வரலாறு

 

புதிய காளையை நேரே பாரவண்டியில் பூட்டமாட்டார்கள். புதிய மகிழுந்தின் இயந்திரத்திற்கும் அப்படியொரு பழக்குக்காலம் உண்டு. பிரிட்டனில் ஒரு காலத்தில், 'வண்டியைப் பழக்குகிறோம், முந்திச் செல்க' என்னும் பொருளில் பின்கண்ணாடியில் அறிவிப்பு ஒட்டிக்கொண்டு மெதுவாக ஓட்டுவார்களாம்!

நம் நாட்டில் புரோட்டோன் நிறுவனம் 1983-இல் தோன்றியது. 1985 ஜூலை 9-ஆம் நாள் முதல் சாகா வெளிவந்தது. மிட்சுபிஷியின் 1.3 லிட்டர் இயந்திரம் அதில் பொருத்தப்பட்டிருந்தது. புது வண்டி என்பதையே அறியாதிருந்த பல குடும்பங்களுக்குப் பழக்கும் கலையைக் கற்பித்தது சாகாதான் என்பது என் எண்ணம்.

பழக்குவது எதற்காக? இயந்திர உருளையின் உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்கோடுகளைத் தொழிற்சாலையிலேயே இழைத்திருப்பார்கள். பிஸ்டன் வளையங்கள் அவற்றின் கூர்முனைகளைத் தேய்த்துச் சுவரோடு படிய வேண்டும். எரிவளியின் அழுத்தமே வளையங்களைச் சுவரோடு அழுத்துகிறது. ஆகவே மிக மென்மையாக ஓட்டுவதும் பிழையே! ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டினாலும் நன்றாகப் படியாது. வளையம் படியாவிட்டால் மசகு எண்ணெய் மேலேறி எரியும். பின்னால் நீலப்புகை வரும். பல ஆண்டுகள் தவணை கட்ட வேண்டிய வண்டிக்கு இந்நிலை வரலாமா?

செமினி வழியே செல்லும் பழைய கூட்டரசுச் சாலை இதற்கு மிகவும் ஏற்றது. காஜாங்கிலிருந்து பெரானாங், மந்தின் வழியாகச் சிரம்பான் செல்வதற்குள் ஏற்றம், இறக்கம், வளைவு, சமிக்ஞை விளக்கு எல்லாம் வந்துவிடும். வேகம் தானாகவே மாறிக்கொண்டிருக்கும்.

1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்தது. அதே ஆண்டில்தான் பெரோடுவாவின் 660 சிசி கன்சிலும் வந்தது. வாங்கிய கையோடு குடும்பத்தையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு, மணிக்கு 110 கிலோமீட்டரில் பினாங்குவரை பறக்கும் ஆசை பலருக்கும் வந்தது. பாவம், அந்தச் சிறு இயந்திரம்!

இன்று உலோகத்தைக் கடையும் துல்லியம் உயர்ந்துவிட்டது. அதனால் பழக்குக்காலம் சுருங்கியிருக்கிறதே தவிர, மறைந்துவிடவில்லை. முதல் 1000 கிலோமீட்டருக்குப் பொதுவாக நிமிடத்திற்கு 4000 சுழற்சியைத் தாண்ட வேண்டாம். மிகுந்த பாரமும் வேண்டாம். நின்ற இடத்திலேயே இயந்திரத்தை நெடுநேரம் ஓடவிடுவதும் நல்லதன்று. வண்டியோடு வரும் கையேடு வேறு கூறினால் அதன்படியே நடக்கவும்.

புரோட்டோன், பெரோடுவா வண்டிகளுக்கு 1000 கிலோமீட்டரில் முதல் பராமரிப்பு உண்டு. மலாய்க்காரர்கள் 'மிஞ்ஞாக் ஹீத்தாம்' என்னும் அந்த எண்ணெயில் தொடக்கத் தேய்மானத்தின் உலோகத் துகள்கள் கலந்திருக்கும். "வண்டி புதுசுதானே" என்று இப்பராமரிப்பைத் தள்ளிப்போடுவோர் உண்டு. உத்தரவாதத்திற்கும் அதனால் சிக்கல் வரக்கூடும்.