பழங்கால கிராமபோன்களின் சந்தை மதிப்பு

சாவி கொடுத்து இயக்கும் பழைய கிராமபோனின் விலையை அதன் வயதைவிட உறுப்புகளின் அசல் தன்மையே தீர்மானிக்கிறது. எமில் பெர்லினர் 1887-இல் காப்புரிமை பெற்ற இக்கருவியின் தொடக்கக்கால வகைகளில் ஒலிக்குழல் வெளியே விரிந்திருந்தது. 1906-இல் அமெரிக்காவின் விக்டர் நிறுவனம் குழலைப் பெட்டிக்குள் அடக்கிய ‘விக்ட்ரோலா’வை வெளியிட்டது. அதன்பின் வெளிக்குழல் வகைகள் படிப்படியாகக் குறைந்தன; இன்று அவற்றுக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது.

இதுவே போலிகளுக்கும் வழிவகுத்தது. இந்தியாவில், தூக்கிச் செல்லும் பழைய பெட்டி கிராமபோன்களின் சுருள்வில் இயந்திரத்தைக் கழற்றி, புதிய மரப்பெட்டியில் பொருத்தி, பித்தளைக் குழல் மாட்டி, எச்.எம்.வி. நாய்ச் சின்னம் ஒட்டி விற்பதுண்டு. இயந்திரம், ஒலிப்பெட்டி, குழல், மரப்பெட்டி ஆகிய நான்கும் ஒரே காலத்தவையா என்று பார்த்தே மதிப்பிட வேண்டும். இத்தகைய போலிகளால் வாங்குபவரின் பணம் மட்டும் வீணாவதில்லை; அவற்றுக்காகப் பிரிக்கப்பட்ட உண்மையான கருவிகளும் அழிகின்றன.