கம்பி வராத பொட்டலில் கரண்ட் கணக்கு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் குவார்ட்சைட் என்ற சிற்றூர் வரும். கோடையில் 45 டிகிரியைத் தொடும் வெயில். ஆனால் ஜனவரி மாதம் ஊரைச் சுற்றியுள்ள பாலைவனப் பொட்டல் முழுக்க வீட்டு வண்டிகள் நிற்கும். அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ளேயே கொண்ட ஆர்.வி. வண்டிகள். அந்தப் பொட்டலில் மின்கம்பம் கிடையாது. இருட்டியதும் ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு எரிகிறது. மின்வாரியத்தில் கம்பம் ஏறி, பிறகு பிரிவு அலுவலகத்தில் உட்கார்ந்து, ‘கரண்ட் எப்ப சார் வரும்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஓய்வு பெற்றவன் நான். மகன் வீட்டுக்கு வந்த இடத்தில் இதைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. இந்த வண்டிகளின் கரண்ட் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தேன்.

வாலி பையம் என்பவர் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் சார்பில் 1936-ல் கொண்டுவந்த ‘கிளிப்பர்’ என்ற அலுமினிய இழுவை வண்டியிலேயே மின்விளக்கு இருந்தது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அதன் விலை 1,200 டாலர். ஆனாலும் வண்டிக்காரர்கள் பெரும்பாலும் பிளக் குத்த வசதியுள்ள முகாம்களையே நம்பியிருந்தார்கள். 1957-ல் அதே நிறுவனம் ‘இன்டர்நேஷனல்’ என்ற வண்டியை வெளியிட்டது. வெளி இணைப்பு எதுவும் இல்லாமல் விளக்கு, வெந்நீர், குளிர்பெட்டி, கழிப்பறை நான்கும் வேலை செய்யும் என்பதுதான் அதன் பெருமை.

இவ்வளவுக்கும் மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பெரும்பாலானவற்றுக்கு மின்சாரமே தேவைப்படவில்லை. அடுப்பு, வெந்நீர், குளிர்பெட்டி மூன்றையும் சிலிண்டர் எரிவாயு பார்த்துக்கொண்டது. நெருப்பை வைத்துக் குளிர வைக்கும் பெட்டியை 1922-ல் ஸ்வீடனில் பான் பிளாட்டன், முண்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தார்கள். சின்னச் சுடர் அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கும். பிரியும் ஆவி குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் நிரம்பிய குழாயில் மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். மோட்டாரும் இல்லை, கம்ப்ரஸரும் இல்லை. ஒரே நிபந்தனை, வண்டி சாயாமல் நிற்க வேண்டும். சாய்ந்தால் குழாய்க்குள் ஓட்டம் நின்றுவிடும். அதனால்தான் குவார்ட்சைட்டில் வந்து நிற்கிறவர், கொத்தனார்போல ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுக்கிறார். மற்ற வேலையெல்லாம் அதற்கப்புறம்தான்.

மிச்சமிருந்தது விளக்கு. அதற்கு 12 வோல்ட் பேட்டரி. அந்தக் காலத்து வண்டி பல்பு ஒன்று 18 வாட் தின்னும். நாலு பல்பை ஐந்து மணி நேரம் எரித்தால் 30 ஆம்பியர்-மணி காலி. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும் என்பதால், கைக்கு வருவது 50 மட்டுமே. இரண்டாம் ராத்திரியே தடுமாற்றம். ஆகவே ஜெனரேட்டர் வந்தது, கூடவே சத்தமும் வந்தது. மத்திய அரசின் நில நிர்வாகத் துறை 1983-ல் இந்தப் பாலைவனத்தில் நீண்ட காலம் தங்க இடங்களை ஒதுக்கியது. குவார்ட்சைட்டை ஒட்டிய லா போசா மட்டுமே 11,400 ஏக்கர். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்குவதற்கு நெடுங்காலம் 180 டாலர்தான் கட்டணமாக இருந்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தம் கூடாது என்பது அங்கே விதி.

சத்தமில்லாத வழி சூரியத் தகடு. பெல் ஆய்வகம் 1954-ல் காட்டிய சிலிக்கான் தகடு, வெயிலில் 6 சதவீதத்தையே மின்சாரமாக்கியது. விலையோ விண்வெளிக்காரர்களுக்கே கட்டுப்படியாகும். 1970-களின் தொடக்கத்தில் எலியட் பெர்மன் என்பவர் ஒரு வாட் 100 டாலர் என்றிருந்ததை 20 டாலருக்குக் கொண்டுவந்தார். பிறகு விலை படிப்படியாகச் சரிந்து, தகடு வண்டிக் கூரைக்கு ஏறியது. இங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. டிசம்பர் நண்பகலில் குவார்ட்சைட்டில் சூரியன் 33 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். கூரையோடு படுத்திருக்கும் தகட்டுக்குக் கிடைப்பது நேர் வெயிலில் பாதிதான். விஷயம் தெரிந்தவர்கள் வண்டியைக் கிழக்கு மேற்காக நிறுத்தி, தகட்டைத் தெற்கு நோக்கித் தூக்கிவைக்கிறார்கள்.

என் கணக்கில், இந்த வரலாற்றில் பெரிய திருப்பம் தகடு அல்ல, எல்.இ.டி. விளக்குதான். 18 வாட் பல்பு இருந்த இடத்தில் 2 வாட் விளக்கு வந்தது. அதே நாலு விளக்கு, அதே ஐந்து மணி நேரம். 30 ஆம்பியர்-மணி மூன்றரைக்குள் அடங்கிவிட்டது. உற்பத்தியை ஒன்பது மடங்கு கூட்டுவதும் லோடை ஒன்பதில் ஒன்றாக்குவதும் விளைவில் ஒன்றுதான். செலவில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இப்போது லித்தியம் பேட்டரி வந்துவிட்டது. ஈய பேட்டரியில் பாதி எடையும் இல்லை. ஏறக்குறைய முழுவதையும் உபயோகிக்கலாம். அந்தத் தைரியத்தில் மைக்ரோவேவ், காபி மெஷின், ஏ.சி. என்று ஒவ்வொன்றாக ஏற்றுகிறார்கள். கூரை ஏ.சி. சுமார் 1,400 வாட் இழுக்கும். கம்ப்ரஸர் விடாமல் ஓடினால் 100 ஆம்பியர்-மணி லித்தியம் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. கோடை வந்ததும் இந்தப் பொட்டல் காலியாவதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

நம் ஊரில் வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். கடைக்குப் போய் எத்தனை ஆம்பியர் பேட்டரி என்று கேட்பதற்கு முன், எந்தெந்தச் சாதனம் எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். முதலில் அந்தத் தாளில் எதை அடிக்கலாம் என்று பாருங்கள். பேட்டரி வாங்குவது அதற்குப் பிறகு.