அண்டை வீடில்லாத பூங்கா

சென்னையில் பார்க் டவுன் இருக்கிறது, பார்க் ஸ்டேஷன் இருக்கிறது. அவற்றுக்குப் பெயர் தந்த பார்க்கைத்தான் தேட வேண்டும். 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்த சார்ல்ஸ் டிரெவிலியன் உருவாக்கிய மக்கள் பூங்காவுக்குப் பரப்பு 116 ஏக்கர். குளங்கள், பேண்டு மேடை, மிருகக்காட்சிசாலை எல்லாம் அதில் இருந்தன. முப்பது ஆண்டுகூட ஆகவில்லை, கரையத் தொடங்கிவிட்டது. 1880களில் விக்டோரியா பப்ளிக் ஹால், 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் கட்டடம், பிறகு விளையாட்டரங்கம் என்று ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டார்கள். மிருகக்காட்சிசாலை 1985இல் வண்டலூருக்குப் போயிற்று. அதே ஆண்டு மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடமும் பூங்காவுக்குத் திரும்பவில்லை, ரயில்வேக்குப் போயிற்று. பூங்காவை மேய்ந்தவர்களில் அதைக் காக்க வேண்டிய மாநகராட்சியே ஒருவர் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ரிப்பன் கட்டடம் அவர்களுடைய அலுவலகம்.

இந்த அழிவுக்கு அதிகாரிகளின் அலட்சியத்தைக் காரணம் சொல்வது வழக்கம். அலட்சியம் எந்தப் பூங்காவுக்கும் பொதுதானே? இடத்தேர்விலேயே கோளாறு இருந்தது என்பது என் கணிப்பு. ஊருக்கெல்லாம் பொது என்று, பெரிய ஆஸ்பத்திரி இருந்த, பிறகு சென்ட்ரல் ரயில் நிலையமும் வந்த வட்டாரத்தில் அதை வைத்தார்கள். ஊருக்கெல்லாம் பொதுவானதால் எந்தத் தெருவும் அதைத் தன்னுடையது என்று நினைக்கவில்லை. 1920இன் நகரமைப்புச் சட்டத்துக்குப் பின் வந்த தியாகராய நகரில் கதை வேறு. மாம்பலத்தில் நீண்ட ஏரியை வற்றவைத்து எழுப்பிய அந்தப் பேட்டையில், தெருக்களையும் மனைகளையும் வகுத்தபோதே பூங்காக்களையும் வகுத்தார்கள். பனகல் பூங்காவை நடுவில் வைத்து உஸ்மான் சாலையும் வெங்கடநாராயணா சாலையும் ஜி.என். செட்டி சாலையும் விரிகின்றன. சற்றுத் தள்ளி நடேசன் பூங்கா. மனை வாங்கி வீடு கட்டியவருக்குப் பூங்கா வாசலுக்கு எதிரே கிடைத்தது; அதில் ஒரு செங்கல் விழுந்தாலும் கேட்க ஆள் இருந்தது. மக்கள் பூங்காவோடு ஒப்பிட்டால் இவை கையகலம். ஆனாலும் நூறு ஆண்டை நெருங்கி நிற்கின்றன.

தியாகராய நகரில் குடியேறியவர்கள் வக்கீல்கள், அதிகாரிகள்; அவர்கள் சொல் சபையேறும், ஆகவே பூங்காவைக் காத்தது இடமல்ல, வர்க்கம்தான் என்று ஒருவர் மறுக்கலாம். இதில் பாதி உண்மை. ஆனால் வடக்கே, உழைப்பாளிகள் வாழும் ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா இருந்தது. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் கொட்டும் மழையில் நடந்தது அங்கேதான். இன்றும் அது அறிஞர் அண்ணா பூங்காவாக இருக்கிறது. இன்னொரு மறுப்பு கடுமையானது: ஏரியை அழித்துவிட்டு அதன் மேல் போட்ட பூங்காவைப் போற்றலாமா? போற்ற முடியாது. வெள்ளம் வரும்போதெல்லாம் தியாகராய நகர் அந்தக் கணக்கைத் தீர்க்கிறது. பேட்டைக்கு இடம் பிடித்தது தவறு. பேட்டைக்குள் பூங்காவுக்கு இடம் குறித்தது சரி. இரண்டையும் ஒரே தராசில் போடக்கூடாது. பனகல் பூங்காவிலும் மெட்ரோவுக்காகத் தோண்டினார்களே என்றால், அதற்கு முன்பே அதைச் சுற்றிலும் பட்டுக்கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்துவிட்டன. கடைக்காரருக்குப் பூங்கா போனாலும் வாடிக்கையாளர் வருவார். அண்டை மாறினால் பூங்காவின் பலமும் மாறும் என்பதற்கு அதுவே சாட்சி.

இன்று பெரிய மனைப்பிரிவுகளில் பத்து சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். சதவீதத்தில் கறாராக இருக்கிறவர்கள் இடத்தில் அப்படி இருப்பதில்லை. விற்க முடியாத மூலை, தண்ணீர் தேங்கும் பள்ளம், உயர்மின் கம்பிக்கு அடிநிலம் என்று கழித்துக்கட்டியது பூங்காவாகிவிடுகிறது. நாலு வீட்டு வாசலாவது பார்க்காத நிலத்தைப் பூங்கா என்று அங்கீகரிக்கக் கூடாது என்று விதியில் ஒரு வரி சேர்க்கலாம். அது வரும்வரை, மனை வாங்குகிறவர்கள் வரைபடத்தில் பூங்கா எவ்வளவு என்பதோடு, அது யார் வாசலுக்கு எதிரே இருக்கிறது என்றும் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.